உளியை யார் கையில் கொடுப்பது?

“படிப்பு ஏறவில்லையா? ஏதாவது ஒரு கைத்தொழிலில் போட்டுவிடுங்கள்!”

இந்த அறிவுரையைக் கேளாத பெற்றோர் நம் நாட்டில் இலர். தேநீர்க் கடையிலும் சொல்வார்கள், திருமணப் பந்தலிலும் சொல்வார்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையிலும் சொல்வார்கள். சொல்பவர் கொடியவர் அல்லர். பிள்ளை பிழைத்துக்கொள்ள வேண்டுமே என்ற இரக்கத்தோடுதான் சொல்கிறார். ஆனால் ஒரே மூச்சில் இருவரை இழிவு செய்துவிடுகிறார். பிள்ளைக்கு மூளை இல்லை என்கிறார்; தொழிலுக்கு மூளை தேவையில்லை என்கிறார். இரண்டும் பொய்! கடைசல் எந்திரத்தில் இரும்புத் தண்டைப் பொருத்தி, மயிரிழை பிசகாமல் கடைந்தெடுக்கும் இளைஞனுக்குக் கணக்கு வராது என்று சொல்ல யாருக்குத் துணிவு உண்டு? அவனுக்குக் கணக்கு வருகிறது. நாம் கற்பித்த முறையில் அது வரவில்லை, அவ்வளவே.

தொழிற்கல்வியில் நீதி என்று பேசும்போதெல்லாம் நம்மவர் எண்ணிக்கையைத்தான் எடுத்து வைக்கிறார்கள். எத்தனை தொழிற்பயிற்சி நிலையங்கள், எத்தனை பாலிடெக்னிக்குகள், எத்தனை இடங்கள்! எண்ணிக்கை வேண்டியதுதான், வேண்டாம் என்பார் எவருமில்லை. எனினும் எண்ணிக்கைக்கு முன்னே நிற்கும் வினா வேறு. எந்தப் பிள்ளையை எந்த வாயிலுக்கு அனுப்புகிறோம்? அனுப்புவதென்று முடிவு செய்பவர் யார்? நுழைந்த பிள்ளை பின்னொரு நாள் மேலே ஏற விரும்பினால் படி இருக்கிறதா, சுவர் இருக்கிறதா? இது ஒழுக்க நெறி பற்றிய வினா. வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு விடை கிடைக்காது.

பிறப்பைக் கொண்டு தொழிலையும், தொழிலைக் கொண்டு மனிதனையும் அளக்கும் வழக்கம் என்ன செய்யும் என்பதற்குச் சான்று தேடி நாம் தொலைவு போக வேண்டியதில்லை. நாம் வாழும் கமுதியே சான்று.

1897ஆம் ஆண்டு, மே திங்கள். இவ்வூர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் நாடார் குலத்தார் சிலர் நுழைந்து வழிபட்டனர். கமுதி அந்நாளிலேயே வணிகம் வளர்ந்த ஊர்; அவர்கள் குலத்தில் கடை வைத்து நடத்தி ஊருக்கே பண்டம் தந்தவர் பலர் இங்கு இருந்தனர். ஆயினும் கோவில் தீட்டுப்பட்டது என்று வழக்குத் தொடுத்தார் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. (விவேகானந்தர் 1893இல் சிகாகோவுக்குச் சென்று உலகச் சமயங்களின் நடுவே முழங்குவதற்குத் துணை நின்றவரும் இதே மன்னர்தான்! உலகச் சமயங்களுக்கு இடம் இருந்தது. உள்ளூர் வணிகருக்கு இடம் இல்லை.) 1899இல் மதுரைச் சார்பு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே சொல்லி முடித்தது.

அந்த வழக்கில் எது எடைபோடப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். நுழைந்தவரின் ஒழுக்கமா? அவர் படிப்பா? அவர் செய்துவந்த வணிகமா? அல்ல! அவர் பாட்டன் பூட்டன் பனை ஏறினார்களா, கள் இறக்கினார்களா என்பதே எடைபோடப்பட்டது. பனையிலிருந்து இறங்கித் தராசு பிடித்துத் தலைமுறை கடந்த பின்னும், நீதிமன்றத்தின் கண்ணுக்கு அவர்கள் பனையில்தான் இருந்தார்கள். பனை ஏறுவது குற்றமா? அன்று. உயிரைப் பணயம் வைத்து, உடலைத் தேய்த்துச் செய்யும் உழைப்பு அது. இன்றும் நம் மாவட்டத்தின் சாயல்குடிப் பக்கத்தில் பனைத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் காய்ச்சும் கருப்பட்டியைச் சுவைக்காத நா இங்கு இல்லை. தொழிலைப் பிறப்போடு சேர்த்து ஆணியடித்து, அந்த ஆணியில் மனிதனைத் தொங்கவிட்டதே குற்றம்.

அந்தத் தீர்ப்பு வந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. வெள்ளையர் போயினர், அரசியல் சட்டம் வந்தது, வாக்குரிமை வந்தது. 1953ஆம் ஆண்டு, சென்னை மாநில முதலமைச்சர் ஆச்சாரியார் தொடக்கக் கல்வியில் ஒரு புதுத் திட்டம் புகுத்தினார். ஊர்ப்புறப் பள்ளிகளில் பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பாடம். எஞ்சிய வேளையில் பிள்ளை தந்தையுடன் இருந்து தந்தையின் தொழிலைப் பயில வேண்டும். நாட்டு மக்கள் அதற்கு இட்ட பெயர் குலக்கல்வித் திட்டம். அந்தப் பெயரே நிலைத்தது.

அவர் பக்கத்து வாதத்தை மறைப்பது நேர்மை ஆகாது. பள்ளி இல்லாத ஊர்கள் ஏராளம், ஆசிரியர் குறைவு, பணம் இல்லை. அதே கட்டடத்தில், அதே ஆசிரியரைக் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்றார். ஆராய அமைக்கப்பட்ட பருலேகர் குழுவும் திட்டம் நன்றென்றே கூறிற்று. ஏன், தொழிலைக் கல்வியோடு சேர்ப்பது காந்தியார் 1937இல் வார்தாவில் சொன்னதுதானே என்றும் கேட்டார்கள்.

ஒன்றா இரண்டும்? வார்தாவில் சொன்னது, எல்லாப் பிள்ளையும் பள்ளியிலேயே ஏதேனும் ஒரு கைத்தொழில் கற்க வேண்டும் என்பது. பண்ணையார் மகனும் நூற்கலாம், பண்ணையாள் மகனும் நூற்கலாம். 1953இல் சொன்னது, அவரவர் அப்பனிடம் போ என்பது! மருத்துவர் மகன் மருந்துப் பெட்டியின் அருகே அமர்வான்; நாவிதர் மகன் கத்தி தீட்டுவான். நிலமும் இல்லாமல், கருவியும் இல்லாமல், நாள்தோறும் கூலிக்கு அழைக்கக் காத்திருக்கும் தந்தையின் மகன் எதைப் பயில்வான்? ஆடு மேய்க்கப் பயில்வான், காத்திருக்கப் பயில்வான்.

பணப் பற்றாக்குறை உண்மை. ஆனால் பற்றாக்குறையை யார் தலையில் இறக்குவது என்பது கணக்கன் முடிவு செய்வதன்று, மனச்சான்று முடிவு செய்வது. நகரத்துப் பிள்ளைக்கு முழுநாள் பள்ளி, நாட்டுப்புறத்துப் பிள்ளைக்கு அரைநாள் பள்ளி என்று முடிவு செய்தவுடனேயே, பஞ்சத்துக்குப் பங்கு போட்டவரின் உள்ளம் வெளிப்பட்டுவிட்டது.

நாடு கொதித்தது. பெரியார் ஊர் ஊராகப் பேசினார். 1953 சூலையில் தி.மு. கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தத் திட்டத்தை எதிர்த்தது. சட்டமன்றத்தில் அதே திங்கள் திட்டத்தைக் கைவிடக் கோரும் தீர்மானத்தின் மீது வாக்கெடுத்தபோது இரு பக்கமும் 138, 138 என்று சமமாக நின்றன. மறு ஆண்டு ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் முதலமைச்சரானார். 1954 மே திங்கள் திட்டம் கைவிடப்பட்டதாகக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் அறிவித்தார்.

இங்கே ஒரு கணம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. கமுதிக் கோவில் வாசலில் எந்தக் குலத்தார் தடுக்கப்பட்டார்களோ அந்தக் குலத்தில் பிறந்தவர் காமராசர். விருதுநகரில் அக்குலத்து மக்கள் வீட்டுக்கு வீடு பிடியரிசி தண்டி நடத்திய பள்ளியில் படித்தவர். பாதியில் நின்று, மாமன் துணிக்கடையில் அமர்ந்தவர். அப்பன் தொழிலைப் படி என்று சொன்ன திட்டம் அவர் ஆட்சியில் குப்பைக்குப் போனது தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை.

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். நண்பர் ஒருவர் கேட்கிறார்: “உளி பிடிப்பது இழிவா? தச்சர் மகன் தச்சரானால் என்ன கேடு? எல்லாரும் நாற்காலியில் அமர்ந்துவிட்டால் நாற்காலி செய்வது யார்?”

நல்ல கேள்வி. இழிவு உளியில் இல்லை. வேறெதையும் பிடிக்க விடாமல் உளியைத் திணிப்பதில் இருக்கிறது. மருத்துவர் மகன் மருத்துவராகிறான். அவனுக்கு வேறு வழிகள் திறந்திருந்தன, இதைத் தேர்ந்தான். தச்சர் மகன் தச்சராகிறான். வேறு வழிகள் அடைபட்டிருந்தன, இதில் விழுந்தான். செயல் ஒன்றே, ஒன்று தேர்வு, மற்றொன்று தீர்ப்பு. மருத்துவர் மகன் உளியை விரும்பி எடுக்கும் நாளில் உளிக்குப் பெருமை தானே வரும். அந்த நாள் வரும்வரை, ‘தொழிலுக்குப் பெருமை’ என்ற பேச்சு ஏழைப் பிள்ளையிடம் மட்டும் பேசப்படும் பேச்சாகவே இருக்கும். இப்பேச்சைப் பேசும் பெருமக்கள் தம் பிள்ளையை எங்கே சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள், தோழர்களே! பேச்சு உடனே வானிலை பற்றித் திரும்பிவிடும்.

கடல் கடந்தும் இவ்வழக்கு நடந்தது. அமெரிக்காவில் அடிமைத்தளை அறுந்த பின், கறுப்பின மக்களுக்கு எத்தகைய கல்வி வேண்டும் என்று இரு பெரியவர்கள் மோதினர். அடிமையாகப் பிறந்த புக்கர் வாஷிங்டன் 1881 முதல் டஸ்கீகியில் தொழிற்பள்ளி நடத்தினார். செங்கல் அறுக்கவும் மரம் இழைக்கவும் முதலில் கற்போம், உரிமை பின்னால் வரும் என்பது அவர் வழி. டுபாய்ஸ் என்னும் அறிஞர் 1903இல் மறுத்து எழுதினார். தொழில் வேண்டும், ஆனால் ஓர் இனம் முழுவதையும் தொழிற்பட்டறைக்குள் வைத்துப் பூட்டினால் அந்த இனத்துக்கு ஆசிரியர் எங்கிருந்து வருவார், வழிகாட்டி எங்கிருந்து வருவார் என்பது அவர் வினா. வாஷிங்டன் கட்டிய பள்ளியில் செங்கல்லையும் அம்மக்களே அறுத்தனர், சுவரையும் அவர்களே எழுப்பினர். அந்த உழைப்பை நாம் வணங்குகிறோம். எனினும் வினாவில் டுபாய்சின் பக்கமே நிற்கிறோம். நம் நாட்டில் காத்திருந்தவருக்கு உரிமை தானாக வந்ததாக வரலாறு இல்லை.

இந்தப் பழங்கதை எதற்கு, குலக்கல்விதான் 1954இலேயே செத்துவிட்டதே என்பீர்கள். சட்டம் செத்தது, பழக்கம் சாகவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பதினோராம் வகுப்பில் பிரிவு ஒதுக்கும் நாளில் எந்தப் பள்ளிக்கேனும் வந்து பாருங்கள். மதிப்பெண் மிகுந்தோர் அறிவியல் பிரிவுக்கு, அடுத்தோர் வணிகவியலுக்கு, எஞ்சியோர் தொழிற்பிரிவுக்கு. 1978இல் மேனிலைக் கல்வி வந்தபோது கூடவே வந்தது தொழிற்பிரிவு. நோக்கம் நல்ல நோக்கம். நடைமுறையில் அது ஆர்வத்தால் நிரம்புவதைவிடக் கழிவால் நிரம்புகிறது. அப்படி நிரம்பிய வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று பார்த்தால், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் வீடு, மிளகாய்க் காட்டில் பழம் பறிக்கப் போகும் வீடு, தந்தை வெளியூரில் கட்டட வேலை செய்யும் வீடு. யாரும் சாதி கேட்கவில்லை. யாரும் குலத்தொழில் என்று சொல்லவில்லை. மதிப்பெண் என்னும் சல்லடை அந்த வேலையை ஓசையின்றிச் செய்து முடித்துவிட்டது! மாலையில் மண்ணெண்ணெய் விளக்கு மறைந்து மின்விளக்கு வந்துவிட்டது உண்மைதான். ஆனால் அந்த விளக்கின் அடியில் தம்பியைத் தூங்கவைத்துக்கொண்டு படித்தவளுக்கும், தனிப் பயிற்சி ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து படித்தவனுக்கும் சல்லடைக் கண் ஒன்றே.

பெண்ணுக்கு இன்னொரு சல்லடையும் உண்டு. ஆண்பிள்ளை என்றால் பொருத்துநர், மின்பணியாளர், பற்றவைப்பாளர். பெண்பிள்ளை என்றால் தையல், அழகுக்கலை, தட்டச்சின் வழிவந்த கணினி. இரும்பைத் தொட்டால் கை கறுக்கும் என்கிறார்கள். அடுப்புக்கரி கறுக்காதா?

கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1940களில் பட்டம் பெற்ற முதல் பெண்களுள் ஒருவர் அ. லலிதா. பதினெட்டு வயதில் கைம்பெண்ணானவர். கையில் பெண் குழந்தை. மின்பொறியியல் படிக்க விரும்பினார். அவருடைய தந்தை அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் முதல்வரிடம் எடுத்துச் சொல்லி இடம் பெற்றுத் தந்தார். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சிட்டிருந்த சொல்லை அடித்துப் பெண்பாலில் எழுத வேண்டியதாயிற்று என்பர். லலிதாவின் துணிவுக்குத் தலை வணங்குவோம். ஆனால் தந்தை பேராசிரியராக இல்லாத கைம்பெண்கள் அந்நாளில் எத்தனை ஆயிரம்! அவர்களுக்காக எந்த முதல்வரிடம் யார் போய்ப் பேசினார்? 1988இல் தஞ்சையை அடுத்த வல்லத்தில் பெண்களுக்கென்றே பொறியியல் கல்லூரி எழுந்தது, பேசுவதற்குத் தந்தை இல்லாதவளுக்கும் வாயில் வேண்டும் என்பதற்காகவே.

நம் கடற்கரையின் பெருமகன் அப்துல் கலாமை எல்லாப் பள்ளிகளிலும் எடுத்துக்காட்டுகிறோம். இராமேசுவரத்தில் பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்சு பள்ளியில் படித்து, குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, சேர்க்கைக்கு வேண்டிய ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வீட்டில் இல்லை. தமக்கை சோகரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். பின்னாளில் அவரே எழுதிய செய்தி இது. நாம் இதைச் சொல்லும்போது வகுப்பு உருகிவிடுகிறது. உருகட்டும். உருகிய பின் இரண்டு வினாக்கள் எழ வேண்டும் அல்லவா? வளையல் இல்லாத தமக்கையின் தம்பி எங்கே போனான்? வளையல் தந்த தமக்கைக்கு அந்நாளில் எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியின் வாயில் திறந்திருந்தது?

முதல் வினாவுக்கு நம் மாநிலம் சிறிது சிறிதாக விடை தேடியிருக்கிறது. தொழிற்படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வு 2007இல் சட்டத்தால் நீங்கிற்று. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. 2021 ஆகஸ்டில் சட்டமன்றம் இயற்றிய சட்டம், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு 7.5 இடம் ஒதுக்கிற்று. அவர்கள் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பும் தொடர்ந்தது. தகுதி கெட்டுவிடும் என்று அப்போதும் சிலர் கண்ணீர் வடித்தனர். வளையலை அடகு வைக்கத் தேவையில்லாதவர்களின் கண்ணீர் அது.

இரண்டாம் வினாவுக்கான விடை இன்னும் மெல்லத்தான் நடக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது, கல்லூரிப் பட்டத்தோடு நில்லாமல் தொழிற்பயிற்சிக்கும் பட்டயப் படிப்புக்கும் அது உரியதென்று விரித்தார்கள். அந்த விரிவே நமக்கு மகிழ்ச்சி தந்தது.

படி என்று சொன்னோமே, அதுவும் கொஞ்சம் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டுத் தொழிற்பயிற்சி முடித்தவர் மொழித் தேர்வு எழுதிப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். தொழிற்பயிற்சியிலிருந்து பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டுக்குச் செல்லலாம். பட்டயத்திலிருந்து பொறியியலின் இரண்டாம் ஆண்டுக்குச் செல்லலாம். பற்றவைக்கக் கற்றவள் ஒருத்தி பொறியாளராகலாம்! எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? எத்தனை ஆசிரியருக்குத் தெரியும்? மாடிப்படியைக் கட்டி வைத்துவிட்டு விளக்கேற்ற மறந்த வீடு போலிருக்கிறது நிலைமை.

2023 செப்டம்பர் 17இல் ஒன்றிய அரசு விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கியது. தச்சர், கொல்லர், குயவர், நாவிதர், சலவைத் தொழிலாளர் எனப் பதினெட்டுத் தொழிலுக்குப் பயிற்சியும் கடனும் தருவது அது. சாதி கேட்கவில்லை என்கிறது ஒன்றிய அரசு. குடும்ப வழியாக அத்தொழிலைச் செய்து வருபவராக இருத்தல் வேண்டும் என்னும் விதியையும், பதினெட்டு வயதே போதும் என்பதையும் தமிழக அரசு மறுத்தது. எந்தக் குடும்பத்தார் ஆயினும் வரலாம், வயது முப்பத்தைந்து ஆகட்டும் என்றது. பின் 2025இல் அவ்வாறே தனித் திட்டம் தொடங்கியது. வயதில் என்ன வேறுபாடு என்று எளிதாகக் கேட்டுவிடலாம். முப்பத்தைந்து வயதுக் குயவருக்கு உதவுவது, தொழில் செய்பவருக்குக் கை கொடுப்பது. பதினெட்டு வயதுக் குயவர் மகனுக்கு அதே கடனை நீட்டுவது, கல்லூரி வாசலில் நிற்பவன் கையைப் பிடித்துச் சக்கரத்தின் முன் உட்கார வைப்பது. நாம் முதலாவதை வேண்டுகிறோம், இரண்டாவதை அஞ்சுகிறோம். அவனே கல்லூரி முடித்துவிட்டு மண்ணைப் பிசைய விரும்பி வந்தால், அப்போது கடன் கொடுங்கள், இரட்டிப்பாகக் கொடுங்கள்!

கமுதிக்கே திரும்புவோம். 2016 செப்டம்பரில் இவ்வட்டாரத்தில் 648 மெகாவாட் கதிரவன் மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அந்நாளில் ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் உலகிலேயே பெரியது என்றார்கள். இருபத்தைந்து இலட்சம் பலகைகள்; எட்டுத் திங்களில் கட்டி முடிக்க ஏறத்தாழ 8,500 பேர் உழைத்தனர் என்று செய்தி வந்தது. மழை பொய்க்கும் மண்ணில் வெயில் பொய்ப்பதில்லை. அந்த வெயிலே இன்று விளைச்சல். அந்த வேலியைக் கடந்துதான் நம் பிள்ளைகள் பலர் பள்ளிக்கு வருகிறார்கள். மின்னோட்டம் பற்றிய பாடம் நடத்தும்போது, புத்தகத்துப் படத்தைக் காட்டுவதா, சன்னலுக்கு வெளியே காட்டுவதா என்று நமக்கே ஐயம் வருவதுண்டு. இத்தகைய நிலையங்கள் இனியும் இம்மாவட்டத்தில் எழும். பலகை துடைக்கவும் காவல் காக்கவும் ஆள் வேண்டும். மின்மாற்றியைக் கணித்துப் பொருத்தவும், கட்டுப்பாட்டு அறையில் அமரவும் ஆள் வேண்டும். எந்த வேலைக்கு எந்த ஊர்ப் பிள்ளை போகும் என்பது, இன்று பதினோராம் வகுப்பில் நாம் இடும் கையெழுத்தில் எழுதப்படுகிறது.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. பிரிவு ஒதுக்கும் நாளுக்கு முன் ஒரு திங்கள், எல்லாப் பிள்ளைகளையும், முதல் மதிப்பெண் பெற்றவளையும் சேர்த்து, தொழிற்பட்டறைக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள், கருவியைத் தொடட்டும். எந்தப் பிரிவில் சேர்ந்தால் எந்தப் படி, எந்தப் படியில் சேர்ந்தால் எந்த உயரம் என்பதைத் தாய் தந்தையரை அமர்த்தி அவர்கள் மொழியில் சொல்லுங்கள். மின்பணியாளர் பிரிவில் சேரும் பெண்ணுக்குப் பட்டறையில் உடை மாற்ற அறையும், வெளியூரில் தங்க விடுதியும் வையுங்கள். கமுதியிலிருந்து பரமக்குடிக்கோ முதுகுளத்தூருக்கோ போய்ப் பயின்று திரும்புகிறவளுக்கு, பயிற்சி முடியும் நேரத்துக்குப் பின் புறப்படும் பேருந்து ஒன்று வேண்டும். முன்னதாகவே புறப்பட்டுவிடும் பேருந்தைப் பிடிக்க அவள் கடைசி ஒரு மணி நேரத்தை நாள்தோறும் விட்டுவிட்டு ஓடினால், அந்த ஒரு மணி நேரத்தில்தான் எந்திரத்தை இயக்கும் முறை வந்திருக்கும்.